முழங்கால் தேய்மானம்: மஞ்சள், குந்திரிக்கம், பிரண்டை – எதை, எவ்வளவு?

தோட்டத்துவெயில் (கேள்வி):
அம்மாவுக்கு வயது 62. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், எக்ஸ்ரேயில் இரண்டாம் நிலை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல். வலி மாத்திரையைத் தொடர்ந்து போட வேண்டாம் என்கிறார் டாக்டர். இப்போது ராத்திரி மஞ்சள் பால், அவ்வப்போது பிரண்டைத் துவையல். துவையல் சாப்பிட்டால் தொண்டை அரிக்கிறது. கடையில் மஞ்சள் கேப்ஸ்யூல், குந்திரிக்கம் கேப்ஸ்யூல், முடக்கத்தான் பொடி எல்லாம் கிடைக்கிறது. எதைக் கொடுக்கலாம்?

மருந்துப்பெட்டி:
மஞ்சள் பால் குடிக்கட்டும், ஆனால் அதை மூட்டு மருந்தாகக் கணக்கில் வைக்காதீர்கள். ஒரு டீஸ்பூன் தூள் ஏறக்குறைய 3 கிராம். அதில் வலியைக் குறைக்கும் சத்தான குர்குமின் 3 சதவீதம் என்று வைத்தாலும் 90 மி.கி.தான். முழங்கால் ஆய்வுகளில் தந்தது நாளொன்றுக்கு 1,000 முதல் 1,500 மி.கி. வரை. 2014இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் 1,500 மி.கி. மஞ்சள் சாரமும் 1,200 மி.கி. இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையும் நான்கு வாரத்தில் வலியை ஏறத்தாழ ஒரே அளவில் குறைத்தன. அந்த அளவைத் தூளாகவே எடுப்பதென்றால் தினமும் 30 கிராமுக்கு மேல் விழுங்க வேண்டும்!

அப்படியானால் கேப்ஸ்யூல்? உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். க்ளோபிடோக்ரெலோடு அடர்த்தியான குர்குமின் சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடலாம். உறிஞ்சுதலைக் கூட்ட மிளகுச் சாரம் சேர்த்த கேப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதித்த சம்பவங்களும் பதிவாகியுள்ளன. சமையலில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

உள்ளே சாப்பிடுவதில் எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது குந்திரிக்கம்தான். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2014 தொகுப்பாய்வின்படி, செறிவூட்டிய சாரம் தினம் 100 மி.கி. எடுத்தவர்களுக்கு 90 நாளில், 100 புள்ளி அளவுகோலில், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட 17 புள்ளி வலி குறைவு. நாக்பூரில் நடந்த 2003 ஆய்வில் சாதாரண சாரம் 333 மி.கி. வீதம் மூன்று வேளை, 8 வாரம். வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சாது. நெய்யோ எண்ணெயோ உள்ள சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டும். வயிற்றெரிச்சலோ பேதியோ வந்தால் நிறுத்துங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இதனால் ரத்தம் உறையும் அளவு மாறியதாகப் பதிவுகள் உள்ளன. ஆகவே இதய டாக்டரிடம் லேபிளைக் காட்டிக் கேட்ட பிறகே தொடங்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் புகை போட விற்கும் பிசினை இடித்து விழுங்கவே கூடாது. குங்கிலியம், சாம்பிராணி, குந்திரிக்கம் மூன்றும் வேறு வேறு மரத்துப் பிசின்கள். ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

அம்மிக்கல்:
அரிப்புக்குக் காரணம் பிரண்டையில் உள்ள கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள். முற்றிய தண்டைப் போட்டாலோ அரைவேக்காட்டில் அரைத்தாலோ தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு வரை மட்டும் எடுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை வெட்டி எறிந்து, நான்கு ஓரத்து நாரையும் உரிக்க வேண்டும். புளித்த மோரில் அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு நல்லெண்ணெயில் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிச் சுருளும்வரை வதக்குங்கள். பெரும்பாலானோர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஒரு கைப்பிடித் தண்டுக்கு இரண்டு ஸ்பூன் உளுந்து, நான்கு மிளகாய், நெல்லிக்காய் அளவு புளி. சிறுநீரகக் கல் வந்தவர்கள் தவிர்ப்பது நல்லது. பிரண்டை பற்றிய ஆய்வுகள் அதிகமும் எலும்பு முறிவைச் சார்ந்தவை. குருத்தெலும்பு வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முடக்கத்தானுக்குப் பொடி வேண்டாம், பச்சைக் கீரையே போதும். ஒரு கைப்பிடியை அரைத்து நான்கைந்து கரண்டி தோசை மாவில் கலந்தால் சரி. கசப்பு லேசாகத்தான் இருக்கும். அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும். வீக்கம் குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் எலிகளில் செய்தவை, எனவே உணவாக மட்டும் பாருங்கள்.

முட்டிப்பயிற்சி:
வெளியில் தடவ ஒன்று இருக்கிறது: மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின், 0.025 சதவீதக் க்ரீம், நாளுக்கு நான்கு தடவை. முதல் வாரம் எரியும். அதற்குப் பயந்து பாதியில் விட்டுவிடுவார்கள். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண் பக்கம் கொண்டு போகக் கூடாது. தடவிய இடத்தில் ஒத்தடமும் வேண்டாம்.

எடை கூடுதலாக இருந்தால் அதையும் பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டி மேல் விழும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. எந்தக் கேப்ஸ்யூலும் இதற்கு ஈடாகாது.

தோட்டத்துவெயில்:
நன்றி. ஊர்ப்பக்கம் ஒரு பொடி தருகிறார்கள், இரண்டே நாளில் வலி போய்விடுமாம். எருக்கு இலை சுட்டுக் கட்டவும் சொல்கிறார்கள்.

மருந்துப்பெட்டி:
இரண்டு நாளில் வலி போனால் முதலில் ஸ்டீராய்டு கலப்பைச் சந்தேகப்படுங்கள். மூலிகைப் பொடி என்ற பேரில் டெக்ஸாமெத்தசோன் கலந்து பிடிபட்டது புதிதல்ல. முகம் உப்பும், சர்க்கரை எகிறும். ஏற்கெனவே பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும்.

எருக்கம்பால் தோலைக் கொப்புளமாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஒத்தடம் வேண்டுமென்றால் நொச்சி இலையை வதக்கித் துணியில் கிழியாகக் கட்டி, க்ரீம் தடவாத நாளில் கொடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு காலில் உணர்ச்சி மந்தமாக இருக்கலாம், அதனால் கொடுப்பவர் தன் முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டே முட்டியில் வைக்க வேண்டும்.