டெல்டாவில் வீடு கேட்டு வருபவர்கள்: உள்ளூர்க்காரருக்கு மனைச் சிக்கல், வெளியூர்க்காரருக்கு வாடகைச் சிக்கல்

வீடு, மனை கேட்டு வருபவர்களுக்கு உதவுகிறவர்கள் ஊர்வாரியாகச் சொன்ன குறிப்புகள் இவை.

ஒரத்தநாடு பக்கம், மனு எழுதுபவர்

கூரை வீட்டுக்காரர்கள் "கனவு இல்லத்துக்கு எழுதிக் குடுங்க" என்று வந்தால் முதலில் சர்வே நம்பரைக் கேளுங்கள். கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. தொகையில் குழப்பம் இல்லை. மனை யார் பெயரில் என்பதில்தான் மனு நிற்கிறது.

வருவாய்த் துறையின் இ-சேவை தளத்தில் ஊர், சர்வே எண், உட்பிரிவு கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரம் (நிலம் யார் பெயரில், என்ன வகை என்ற கணக்கு) வரும். நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்றிருந்தால் கவலை குறைவு. வாய்க்கால், குளம், ஆறு என்று வகைப்பாடு இருந்தால் அந்த இடத்துக்குப் பட்டா கேட்டு நடப்பது வீண். வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் குடியிருப்பதற்குச் சான்றே தவிர, நீர்நிலைப் புறம்போக்கை மனையாக்காது. வேறு இடத்தில் வீட்டுமனை கேட்டுத் தனி மனு எழுத வேண்டும். வாய்க்கால் கரையிலேயே தெரு அமைந்த ஊர்கள் நம் பக்கம் எத்தனை என்று சொல்லத் தேவையில்லை.

கும்பகோணம்

'அ' பதிவேட்டில் பட்டாதாரர் பெயர் வர வேண்டிய இடத்தில் சாமி பெயர் இருந்தால்? இங்கே தெருத்தெருவாக அதுதான் நிலைமை. கட்டடம் குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையதோ மடத்தினுடையதோ. அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஏ பிரிவில் நியாய வாடகை நிர்ணயித்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவார்கள். அப்பா பெயரில் ரசீது வாங்கிக்கொண்டே இருந்து, அவர் இறந்த பிறகும் பெயர் மாற்றாமல் விடுவதுதான் வழக்கமான வினை. பாக்கி ஏறும், வாரிசுகள் பிரிவார்கள், கடைசியில் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்து நிற்கும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய ரசீதுகள் மூன்றையும் வைத்து வாடகைதாரர் பெயர் மாற்றத்தைச் சீக்கிரம் கேளுங்கள். அடிமனையை அடமானம் வைத்து பேங்க் லோன் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

திருவாரூர் மாவட்டம்

மிராசுதார் நிலத்தில் இருந்த கூலிக் குடும்பங்களுக்கு 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் மனையை உரிமையாக்கியது. 1968இல் கூலி விவசாயக் குடும்பங்களை எரித்துக் கொன்ற கீழ்வெண்மணிப் படுகொலை நடந்து மூன்றாம் ஆண்டு வந்த சட்டம். அப்போது தாத்தா பெயரில் கொடுத்த காகிதம் தகரப் பெட்டியில் இருக்கும், அந்த மனையைத் தனி எண்ணாகப் பிரித்த உட்பிரிவு மட்டும் கணக்கில் ஏறியிருக்காது. அந்த நகலோடு தாலுகா ஆபீசில் உட்பிரிவுக்கு மனு கொடுத்து சர்வேயரை அளக்க வைத்த பிறகுதான் வீட்டுத் திட்டத்துக்கு எழுத வேண்டும். வரிசையை மாற்றினால் இரண்டுமே இழுக்கும்.

மன்னார்குடி, நடவு வேலைக்கு ஆள் அமர்த்துபவர்

உள்ளூர்ப் பிரச்சினையே பேசுகிறோம். நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து வருகிறவர்கள் எங்கே படுக்கிறார்கள்? பதினைந்து இருபது பேர் ஒரு கோஷ்டி. மோட்டார் கொட்டகை, நெற்களம், மூடிக்கிடக்கும் கல்யாண மண்டபம். பணம் கொடுக்கத் தயாராக இருந்தாலும் "ஃபேமிலிக்குத்தான்" என்று கதவைச் சாத்துகிறார்கள்.

மோட்டார் கொட்டகையில் தங்க வைப்பவர்கள் கவனிக்க: விவசாய இணைப்பு இலவச மின்சாரம். அதில் தங்குபவர்களுக்கு ஃபேன், அடுப்பு என்று இழுத்தால் மின்வாரியம் முறைகேடாகத்தான் எழுதும், அபராதம் நிலத்துக்காரருக்கு. வீட்டு இணைப்பு உள்ள இடமாகப் பாருங்கள். சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும், முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை காட்டியே வாங்கலாம். கொட்டகைக்குள் விறகு எரிக்க விடாதீர்கள்.

தஞ்சாவூர்

மில்லுக்கும் கட்டட வேலைக்கும் ஆண்டு முழுக்க இருப்பவர்கள் கதை வேறு. ஆறு மாத வாடகை, பத்து மாத வாடகை என்று அட்வான்ஸ் கேட்கிறார்கள். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் (2019இல் நடைமுறைக்கு வந்தது) வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் பத்து மாதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு. எனவே எழுதும்போதே பேசுங்கள். எத்தனை பேர் தங்குவார்கள், கரண்ட் யூனிட் கணக்கு எப்படி, செப்டிக் டேங்க் எடுக்கும் செலவு யாருடையது, இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதாததால்தான் பாதிச் சண்டை.

திருச்சி, முகாம் குடும்பங்களோடு வேலை செய்பவர்

கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை இலங்கைத் தமிழர் முகாம்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 அறிவிப்பில் மாநில முகாம்களுக்கு மொத்தம் 7,469 வீடுகள். வீடு கிடைத்தாலும் மனை உரிமை அவர்களுக்கு இல்லை. பையனுக்குக் கல்யாணமானால் அதே வீட்டில் மறைப்புக் கட்டித்தான் குடித்தனம். வெளியே வாடகைக்குப் போனால் காவல் நிலையத்தில் வெளிப்பதிவு (முகாமுக்கு வெளியே இருப்பவர் என்ற பதிவு) செய்ய வேண்டும், முகாம் உதவித்தொகையும் நின்றுபோகும். அதைக் கணக்குப் போட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லுங்கள்.

திருத்துறைப்பூண்டி, கொத்தனார்

காகிதமெல்லாம் சரியானவர்களுக்கு ஒன்று. நம்ம களிமண் மழையில் ஊதும், கோடையில் பிளக்கும். அஸ்திவாரக் குழியில் தோண்டிய களியையே திரும்பக் கொட்டாமல் மணல் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்க வேண்டும், இல்லையென்றால் சுவர் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிக்கும். தரைமட்டம் ரோட்டைவிட இரண்டடியாவது உயரட்டும், புதிதாகப் போடும்போதெல்லாம் ரோட்டு மட்டம் ஏறிக்கொண்டே வரும்.

கக்கூஸ் குழியை ஆழமாகத் தோண்டுவதைப் பெருமையாக நினைக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் குழியின் அடியைத் தொட்டதும் குழி வடிவதை நிறுத்திவிடும், பீங்கானில் தண்ணீர் ஏறி நிற்கும். ஆழத்தைக் குறைத்து, உறைகளைத் தரைக்கு மேலே ஏற்றி, சுற்றிலும் மண் அணைத்து, இரண்டு குழியாகப் போடுங்கள். இருபது பேர் தங்கும் கொட்டகைக்கு நாலு பேர் வீட்டுக் குழியைக் கை காட்டினால் மழைக்கு முன்னாலேயே நிரம்பிவிடும்.