அன்சிபிள், காக்பிட், வயர்கார்டு மூன்றும் ஒரே பெட்டியில் ஒத்துப்போகுமா?

மண்டபம்_முனை:

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை ஐஸ் கம்பெனி, நண்டு கம்பெனிகளில் நான் வைத்த பெட்டிகள் ஓடுகின்றன. எல்லாம் ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினிகள், பஸ்டர் காலத்துப் பழைய லினக்ஸ் ஓஎஸ். குளிர் அறை வெப்பநிலையைப் பதிவது, எடை போட்டதும் ரசீது அடிப்பது, அவ்வளவுதான் வேலை. இணையம் 4ஜி டாங்கிள். வெளியிலிருந்து நேராக உள்ளே போக முடியாது என்பதால், வாடகை சர்வர் ஒன்றை நடுவில் வைத்து வயர்கார்டு விபிஎன் டனல் போட்டிருக்கிறேன். செட்டிங் மாற்றங்களை பிளேபுக் என்ற ஃபைலில் எழுதி வைப்பேன், அன்சிபிள் அதை எல்லாப் பெட்டிகளுக்கும் கொண்டுபோகும். பிரவுசரிலேயே பெட்டியைப் பார்த்து மாற்ற உதவும் காக்பிட் என் மச்சானுக்காக. தேவிபட்டினம் பக்கம் அவன்தான் பார்த்துக்கொள்கிறான், கருப்புத் திரையைக் கண்டாலே ஓடிவிடுவான்.

இப்போது ரெண்டு தலைவலி. மச்சான் காக்பிட்டில் எதையாவது மாற்றிவிட்டுப் போவான். அடுத்த தடவை அன்சிபிள் ஓடியதும் அது காணாமல் போகும், அப்புறம் எனக்கு ஃபோன் வரும். இன்னொன்று, கரண்ட் போய் வந்தால் சில பெட்டிகள் டனலுக்குள் வருவதில்லை. ரசீது ஒழுங்காக அடிக்கும், எனக்கு மட்டும் பிங் போகாது. பத்து நிமிடத்தில் வருவதும் உண்டு, அரை மணி கழித்துத் தானாக வருவதும் உண்டு. கம்பெனிக்காரர் "அதுவா வரும் தம்பி, விடுங்க" என்கிறார்.

காக்பிட்டும் அன்சிபிளும் மோதிக்கொள்கின்றனவா? பேசாமல் எல்லாவற்றையும், அன்சிபிள் வேலையையே செய்யும் பப்பெட்டுக்கு மாற்றிவிடலாமா?

கீழக்கரை_கன்சோல்:

மோதுவது நீங்களும் மச்சானும்தான் தம்பி, பாவம் அந்தக் கருவிகளை விட்டுவிடுங்கள்.

காக்பிட்டுக்கென்று தனி டேட்டாபேஸ் கிடையாது. சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டியிடம் கேட்டு, அந்த நொடியில் உள்ள நிலையைக் காட்டும். மாற்றினால் உள்ளதையே நேராக மாற்றும். அன்சிபிளும் பிளேபுக்கில் எழுதியதைத் தவிர எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஆக, கடைசியாகக் கை வைத்தவர் சொன்னதுதான் நிற்கும். பப்பெட் போட்டால் நிலைமை இன்னும் மோசம். பெட்டியிலேயே இருக்கும் அதன் ஏஜென்ட் வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். மச்சான் மாற்றியதை அவர் டீக்கடையிலிருந்து திரும்புவதற்குள் பழையபடி ஆக்கிவிடும்.

எழுதுவது அன்சிபிள் மட்டும், பார்ப்பது காக்பிட் என்று பிரித்துவிடுங்கள். மச்சான் கணக்கிலிருந்து சூடோவை (அட்மின் அதிகாரத்தை) எடுத்துவிட்டு, சிஸ்டம்டி-ஜர்னல் குழுவில் சேர்த்தால் லாக் முழுக்கப் படிக்கலாம். டெம்ப்ளேட் ஃபைல்களின் தலையில் 'அன்சிபிள் மேனேஜ்டு' வரியைப் போடுங்கள். நாளைக்கு வேறு யாராவது நானோவில் திறந்தாலும் கண்ணில் படும். பிளேபுக்கை ஓட்டுவதற்கு முன் செக் (ஒத்திகை மட்டும்), டிஃப் (வித்தியாசம் காட்டுவது) இரண்டையும் சேர்த்து ஒருமுறை ஓட்டினால், எந்த வரி மாறியிருக்கிறது என்பது எதையும் மாற்றாமலே தெரிந்துவிடும்.

பெட்டிகளில் காக்பிட்டின் 9090 போர்ட் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். நடு சர்வரில் ஒரு காக்பிட் போதும், அங்கிருந்து எஸ்எஸ்எச் (பாதுகாப்பான ரிமோட் லாகின்) வழியாக மற்ற பெட்டிகளுக்குப் போகும். அந்தப் பக்கம் காக்பிட்-பிரிட்ஜ் என்ற துணை புரோகிராம் இருந்தால் சரி. 1 ஜிபி மெமரி உள்ள பைக்கு இதுவே நல்லது.

கரண்ட் விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. டாங்கிள் சிக்னலாக இருக்குமோ?

பழைய_டெர்மினல்:

பாய் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இந்தக் கருவிகள் கூட்டு வைப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. 2007 வாக்கில் ரெட் ஹாட் ஆட்கள் பல மெஷின்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க ஃபங்க் என்று ஒன்றைச் செய்தார்கள். ஒவ்வொரு மெஷினிலும் பின்னணியில் ஓடும் ஒரு டீமன், அதற்குச் சான்றிதழ் கொடுக்க சர்ட்மாஸ்டர். பப்பெட் ஏற்கெனவே ஓடும் இடத்தில் எதற்கு இரண்டாவது சான்றிதழ் என்று, பப்பெட்டுடையதையே ஃபங்க் எடுத்துக்கொள்ளவும் வழி வைத்தார்கள். அதில் வேலை பார்த்த மைக்கேல் டிஹான்தான் 2012-இல் அன்சிபிளைக் கொண்டுவந்தார். இதில் டீமனும் கிடையாது, சான்றிதழும் கிடையாது, எஸ்எஸ்எச் மட்டும். காக்பிட் பல மெஷினுக்குப் போவதும் அதே எஸ்எஸ்எச்சில்தான். பஸ்ஸில் போகும்போது லைன் அறுந்து அறுந்து வந்தால் மோஷ் என்ற ரிமோட் டெர்மினலைப் போடுங்கள், அதுவும் எஸ்எஸ்எச்சில் நுழைந்துவிட்டுத்தான் யுடிபிக்கு மாறும். சாவியை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பெட்டியின் வயர்கார்டில், எந்த முகவரிகள் டனல் வழியாகப் போகும் என்று சொல்லும் அலவ்டு ஐபிஸ் என்ன போட்டிருக்கிறீர்கள்?

மண்டபம்_முனை:

0.0.0.0/0 அண்ணே. எல்லாம் சர்வர் வழியாகவே போகட்டும் என்று.

பழைய_டெர்மினல்:

அதுதான். பை 3-இல் கடிகார பேட்டரி கிடையாது. ஃபேக்-எச்டபிள்யூ-கிளாக் என்ற புரோகிராம் மணிக்கொரு முறை நேரத்தை மெமரி கார்டில் எழுதி வைக்கும். திடீரென்று கரண்ட் போய் வந்தால் பெட்டி அந்தப் பழைய நேரத்தில் எழும். வயர்கார்டோ இணைப்புக்கான ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேரத்தை அனுப்பும். கடைசியாக வந்ததைவிடப் பிந்திய நேரமாக இல்லாவிட்டால், யாரோ பழைய பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று சர்வர் தூக்கிப் போட்டுவிடும். கடிகாரம் இருபது நிமிடம் பின்னால் இருந்தால் இருபது நிமிடம் வாசலில் நிற்க வேண்டியதுதான். இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி திருத்தியிருக்கும், ஆனால் அதையும் நீங்கள் டனலுக்குள் தள்ளிவிட்டீர்கள். டனல் வர நேரம் வேண்டும், நேரம் வர டனல் வேண்டும்.

அலவ்டு ஐபிஸில் உங்கள் நிர்வாக நெட்வொர்க்கை மட்டும் போடுங்கள். முடிந்தால் பேட்டரியில் ஓடும் டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றும் மாட்டுங்கள், விலை அதிகமில்லை. பின்களில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், நம்ம ஊர் உப்புக்காற்று எதையும் விடாது.

கீழக்கரை_கன்சோல்:

அட, இது தெரியாமல் சிக்னல் மேல் பழி போட்டேனே. தம்பி, ஒரு எச்சரிக்கை: டனல் வழியாகப் போய் டனலையே மாற்றப்போகிறீர்கள். ஒரு எழுத்து தப்பினாலும் மூக்கையூருக்கு பைக்கில் போக வேண்டியதுதான். பிளேபுக்கின் முதல் வேலையாக, பத்து நிமிடம் கழித்துப் பழைய கான்ஃபிக்கைத் திரும்ப வைக்கும்படி சிஸ்டம்டி-ரன்னில் ஒரு டைமர் போடுங்கள். உள்ளே நுழைய முடிந்தால் டைமரை ரத்து செய்யுங்கள்.

மண்டபம்_முனை:

உச்சிப்புளி பெட்டியில் டைமர் போட்டே மாற்றினேன் பாய். பிளக்கைப் பிடுங்கி மாட்டச் சொன்னேன், டாங்கிள் லைன் பிடித்ததுமே பிங் வந்துவிட்டது. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் நண்டு கம்பெனிக்காரர் மெயினை இறக்கிவிடுவார். ஜூன் 14 முடிந்து திறந்தால் முதல் ரசீதுகளில் ஏப்ரல் தேதி இருக்கும், அதற்கும் காரணம் இதுதான் போல. அந்த இடங்களுக்கு டிஎஸ்3231 வாங்கப் போகிறேன்.

சூடோ போனதில் மச்சானுக்குத்தான் கோபம். ரசீது பிரின்டர் சர்வீஸை மட்டும் அவனே ரீஸ்டார்ட் செய்கிற மாதிரி பிளேபுக்கில் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.