சூடானால் ஸ்டார்ட் ஆகாத பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ்: நாலு இன்ஜெக்டரையும் மாற்றத்தான் வேண்டுமா?

செம்மண்தடம்:

வண்டிக்கு 17 வயது. காமன் ரெயில் டீசல் (ரெயில் என்ற ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து, சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் வகை), 4 சிலிண்டர், ஓடியதெல்லாம் பெரும்பாலும் கல்லிலும் சேற்றிலும்தான். காலையில் ஒரே செல்ஃபில் எடுத்துவிடும், குறையே சொல்ல முடியாது. ஆனால் ஒரு மணி நேரம் மேடு பள்ளம் ஏறி இறங்கிவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் பதினைந்து நொடி செல்ஃப் அடித்தும் சில நேரம் எடுப்பதில்லை. போனட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல எடுக்கிறது. ஐட்லிங்கில் லேசாக உதறல் உண்டு. டீசல் ஃபில்டர் மாற்றிவிட்டேன், பேட்டரி புதிது.

மெக்கானிக் காதால் கேட்டுவிட்டு "நாலு இன்ஜெக்டரும் போச்சு, செட்டாக மாற்றிவிடுங்கள்" என்கிறார். ஸ்கேனர்கூடப் போடவில்லை. என்னிடம் ஸ்பேனர் செட், மல்டிமீட்டர், லைவ் டேட்டா காட்டும் சின்ன ஸ்கேனர் இருக்கின்றன. வீட்டிலேயே எதையாவது உறுதி செய்ய முடியுமா?

பழையடீசல்:

குளிரில் எடுக்கிறது, சூட்டில் எடுப்பதில்லை. நீங்கள் சொன்னதில் முக்கியமான வரி இதுதான். லைனில் ஏர் பிடித்தால் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும்: ராத்திரி முழுக்க நிற்கும்போது டீசல் டேங்குக்கு இறங்கிவிடும், காலையில்தான் மல்லுக்கட்ட வேண்டிவரும். சூட்டில் டீசல் நீர்த்துப்போகிறது, அதனால் தேய்ந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள்ளேயே அதிகம் கசிந்து ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்பிவிடுகிறது. செல்ஃப் சுற்றும் வேகத்தில் பம்பால் அந்தக் கசிவை ஈடுகட்ட முடியாது. ரெயிலில் சுமார் 200, 250 பார் அழுத்தம் சேராமல் பல வண்டிகளில் ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) இன்ஜெக்டரைத் திறக்கவே சொல்லாது. நீங்கள் எவ்வளவு நேரம் செல்ஃப் அடித்தாலும் வீண்தான்.

சூட்டில் செல்ஃப் அடித்தபடி ஸ்கேனரில் ரெயில் பிரஷரைப் பாருங்கள். அது ஏறவில்லை என்றால் அடுத்தது ரிட்டர்ன் டெஸ்ட். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ஹோஸையும் கழற்றிவிட்டு, ஒரே நீளமுள்ள நாலு டியூபை மாட்டி நாலு ஒரே மாதிரி பாட்டிலில் விடுங்கள். டேங்குக்குப் போகும் ரிட்டர்ன் குழாயை அடைக்க மறக்காதீர்கள். சூடான இன்ஜினை இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டினால் எது கசிகிறது என்று பாட்டிலே சொல்லிவிடும். பீசோ வகை (மின்காந்தம் இல்லாமல் பீசோ படிகத்தால் திறக்கும்) இன்ஜெக்டர் என்றால் இப்படிச் செய்யாதீர்கள், அவற்றுக்கு ரிட்டர்னில் அழுத்தம் இருந்தாக வேண்டும்.

சேறும்சகதியும்:

நான் இதற்கு முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. சூட்டில் எடுக்காமல் ஆறினால் எடுப்பது, இன்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் பழைய குணமும்கூட. என் வண்டியில் இதே கதைதான், இரண்டு இன்ஜெக்டரை மாற்றிய பிறகுதான் தெரிந்தது சென்சார் என்று. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரியும். அதனால் பிரஷரைப் பார்க்கும்போதே பக்கத்தில் ஆர்பிஎம்மையும் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் 0 என்றே நின்றால் முதலில் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். ஆர்பிஎம் வந்தும் பிரஷர் ஏறவில்லை என்றால் கசிவுப் பக்கம் போங்கள்.

ஓடைத் தண்ணீரில் இறங்கும் வண்டி என்றால் இன்ஜெக்டர் கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள், பின்னில் பச்சை பூத்திருக்கும். இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது மட்டும் கழற்றுங்கள், அந்த வயரில் வருவது வெறும் 12 வோல்ட் இல்லை. சோலனாய்டு (மின்காந்தத்தால் திறக்கும்) இன்ஜெக்டரில் ரெசிஸ்டன்ஸ் பொதுவாக 1 ஓமுக்கும் கீழேதான் இருக்கும், மீட்டர் வயரின் சொந்த ரெசிஸ்டன்ஸைக் கழித்துக்கொண்டு நாலையும் ஒப்பிடுங்கள்.

கைப்பிடிஸ்பேனர்:

ஒன்றே ஒன்று சொல்கிறேன். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் ஓடும்போதே ஒவ்வொரு பைப் நட்டாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்போம். காமன் ரெயிலில் அந்தப் பழக்கமே கூடாது. வேகம் கூடினால் 1000 பாரைத் தாண்டுகிற டீசல் அது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்ப்பதற்கு ஊசி குத்தியதுபோலச் சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம். கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

செம்மண்தடம்:

பார்த்துவிட்டேன். நல்ல சூட்டில் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் 240 வரை வந்தது, ஆகவே சென்சார் தப்பித்தது. ரெயில் பிரஷர் 140 பாரிலேயே ஊசலாடிக்கொண்டிருந்தது. காலையில் இதே வண்டி சட்டென்று 300ஐத் தொட்டது. பாட்டில்களில் 1, 2, 4 மூன்றும் ஏறக்குறைய 30 மில்லி. மூன்றாவது 110! டியூபில் சொட்டுச் சொட்டாக வராமல் நூல் பிடித்ததுபோல ஓடியது. ரெசிஸ்டன்ஸ் நாலிலும் ஒன்றுதான். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

பழையடீசல்:

மற்ற மூன்றும் ஒத்துப்போவதால் ஒன்றை மாற்றினால் போதும் என்பேன். இருந்தாலும் இந்த வயதில் நாலையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்ப்பது நல்லது. ரிட்டர்ன் டெஸ்ட் கசிவைத்தான் காட்டும், நாஸில் சரியாகத் தூவுகிறதா என்று காட்டாது. ஐட்லிங் உதறலுக்குக் காரணம் அங்கேயும் இருக்கலாம்.

கழற்றும்போது இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பாக இறுகியிருந்தால் அடியில் இருக்கும் காப்பர் வாஷர் சரியாக அடைக்காமல் கசிந்திருக்கிறது. பழைய வாஷரைத் திரும்பப் போடாதீர்கள், இருக்கும் குழியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதுசு போடுங்கள். பழைய வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்து, அதன் மேலேயே புதுசைப் போட்டவர்களும் உண்டு. புது இன்ஜெக்டரின் தலையில் இருக்கும் கோட் எண்ணை ஈசியூவில் ஏற்ற வேண்டிய வண்டியா என்று பாருங்கள், ஏற்றாமல் விட்டால் உதறல் அப்படியே இருக்கும்.

அப்புறம் டேங்கைப் பாருங்கள். இன்ஜெக்டரைத் தின்றது எது என்று தெரியாமல் புதுசை மாட்டாதீர்கள்.

செம்மண்தடம்:

டேங்கை வடித்தேன். அடியில் ஒரு டம்ளர் அளவுக்குக் கலங்கல் தண்ணீர், மெல்லிய வண்டல். டேங்க் பிரீதர் குழாய் (டேங்குக்குக் காற்று போய்வரும் குழாய்) எங்கேயோ பாறையில் உரசிக் கழன்று, சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடையில் இறங்கும் ஒவ்வொரு முறையும் குடித்திருக்கிறது போல. குழாயை மேலே ஏற்றிக் கட்டிவிட்டேன். மூன்றாவதின் அடியில் வாஷர் நன்றாகத்தான் இருந்தது, இரண்டாவதில்தான் அந்தத் தார். நாலும் இப்போது டெஸ்ட் பெஞ்சில். புதுசின் தலையில் இருக்கும் எண்ணை மாட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்துவிட்டேன், மாட்டிய பிறகு கண்ணாடி வைத்தாலும் அது தெரியாது.