கீசரில் லைட் எரிகிறது, தண்ணீர் மட்டும் சுடவே இல்லை. சுடவைக்கிற எலிமெண்ட் போய்விட்டதா?

தளிரோட்டுக்காரன்

வீடு ஓசூரிலிருந்து தளி போகிற வழியில். 25 லிட்டர் கீசர், 2000 வாட்ஸ், வாங்கி ஆறு வருஷம் ஆகிறது, இதுவரை ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றியதில்லை. மூணு நாளாக ஸ்விட்ச் போட்டால் சிவப்பு லைட் எரிகிறது, பக்கத்தில் இருக்கும் ஆரஞ்சு லைட் எரியவில்லை, ஒரு மணி நேரம் விட்டாலும் பச்சைத் தண்ணீர்தான். இந்தப் பக்கத்து மார்கழிக் குளிர் தெரியும் உங்களுக்கு. அம்மா விடியற்காலை அஞ்சு மணிக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் கோலமே போடுவார்கள், இப்போது கேஸ் அடுப்பில் அண்டா வைத்துச் சுடவைத்துக்கொண்டிருக்கிறேன்.

எலக்ட்ரீஷியன் ஒருத்தர் வந்து மூடியைக்கூடக் கழற்றாமல், எலிமெண்ட் போயிடுச்சு, டேங்கும் உப்பு பிடிச்சிருக்கும், புதுசு வாங்கிடுங்க சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போர் தண்ணீர்தான் வருகிறது, உப்பு அதிகம், அது உண்மை. ஆனால் போன வாரம்வரை தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தது, குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று ஆவி அடித்தது, நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நினைத்தோம். அப்புறம் எப்படி ஒரே நாளில் எலிமெண்ட் போகும்?

பாலக்கோடு செல்வி

அண்ணா, முதலில் வோல்டேஜ் பாருங்கள். எங்கள் பக்கம் எல்லாரும் மோட்டார் போடுகிற நேரத்தில் 180-க்கு இறங்கிவிடும். 230-ல் 2000 வாட்ஸ் இழுக்கிற எலிமெண்ட் 180-ல் 1200 சொச்சம்தான் இழுக்கும், அரை மணியில் ஆக வேண்டிய வேலை முக்கால் மணிக்கு மேல் ஆகும். நானும் இப்படித்தான் கீசர் போச்சு என்று ஒரு மாசம் புலம்பினேன். உங்களுக்கு வெதுவெதுப்புகூட இல்லை என்றால் இது இல்லை.

கிருஷ்ணகிரி வயர்மேன்

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, நீங்கள்தான் அதைக் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். தண்ணீர் கொதித்து ஆவி அடித்தது நன்றாக வேலை செய்ததற்கு அடையாளம் இல்லை, தெர்மோஸ்டாட் கட் ஆகவில்லை என்பதற்கு அடையாளம். 60, 65 டிகிரியில் அது கரண்டை நிறுத்த வேண்டும். காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் நிறுத்தாது, தண்ணீர் சூடாகிக்கொண்டே போகும். அப்போது காப்பாற்றுவதற்கென்றே தனியாக ஒரு கட்-அவுட் வைத்திருப்பார்கள், அது விழுந்துவிட்டால் தானாகத் திரும்ப வராது, கையால் அழுத்தினால்தான் வரும். சிவப்பு லைட் கரண்ட் வருகிறது என்று சொல்கிறது, ஆரஞ்சு எலிமெண்டுக்குப் போகிறதா என்று சொல்கிறது, பெரும்பாலான மாடலில் இப்படித்தான். உங்களுக்கு இரண்டாவது எரியவில்லை, ஆக கரண்ட் எலிமெண்டுக்கு வருவதற்கு முன்பே நிற்கிறது. எலிமெண்ட் அறுந்திருந்தால் அநேகமாக ஆரஞ்சு எரிந்துகொண்டே தண்ணீர் சுடாமல் இருந்திருக்கும்.

போர்டில் கீசருக்கான எம்சிபி பிரேக்கரை இறக்கிவிட்டு, பிளக்கையும் உருவிவிட்டு, கீழ் மூடியைக் கழற்றுங்கள். ஸ்விட்ச் ஆஃப் பண்ணினால் போதும் என்று நினைக்காதீர்கள், பழைய வீடுகளில் பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கும், ஆஃப் பண்ணினாலும் உள்ளே கரண்ட் இருக்கும். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். எலிமெண்டின் இரண்டு கம்பியையும் கழற்றி மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள், 2000 வாட்ஸுக்கு 26, 27 காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் சொன்னது சரி. டெர்மினலுக்கும் டேங்க் பாடிக்கும் நடுவிலும் வைத்துப் பாருங்கள், அங்கே எதுவும் காட்டக் கூடாது, காட்டினால் எர்த் லீக்கேஜ், பாடிக்குக் கரண்ட் கசிகிறது, மறுபடி பிளக்கைச் சொருகாதீர்கள்.

கட்-அவுட் பட்டனை அழுத்தினால் டக்கென்று ஒரு சத்தம் வரும், கீசரும் ஓடும். அத்தோடு மூடியைப் போட்டு மூடிவிடாதீர்கள். அது ஏன் விழுந்தது என்று பார்க்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் ஒரு நாள் அதுவும் ஒட்டிக்கொள்ளும்.

பென்னாகரத்துப் பெரியவர்

எங்கள் வீட்டில் இன்னும் செம்பு பாய்லர்தான். நாலு தென்னை மட்டை, கொஞ்சம் கரி. தெர்மோஸ்டாட் எல்லாம் நம் கைதான்.

தளிரோட்டுக்காரன்

வயர்மேன் அண்ணா, மீட்டர் 27 காட்டியது! பாடிக்கு ஒன்றும் காட்டவில்லை. பட்டனை அழுத்தினேன், டக், ஆரஞ்சு எரிந்தது, நாற்பது நிமிஷத்தில் தண்ணீர் கை வைக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் ஆரஞ்சு அணையவே இல்லை. பயந்துபோய் நானே ஆஃப் பண்ணிவிட்டேன். தெர்மோஸ்டாட்தானா?

கிருஷ்ணகிரி வயர்மேன்

வேறென்ன. இந்தக் குளிரில் 20 டிகிரியில் வருகிற தண்ணீர் 60-க்குப் போக 35 நிமிஷம் போதும், அதற்கு மேல் எரிந்தால் அது நிற்கவில்லை என்றுதான் அர்த்தம். சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டை உருவி, தண்டை மட்டும், தலையை நனைக்காமல், கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பாருங்கள். நல்லது என்றால் கிளிக் என்று விடும், மீட்டரில் தொடர்பு அறும். எப்படியும் திறக்கிறீர்கள், டேங்கைக் காலி பண்ணி எலிமெண்டையும் இறக்கிவிடுங்கள், ஆறு வருஷ போர் தண்ணீர்.

பாலக்கோடு செல்வி

உப்பை எடுக்க டாய்லெட் ஆசிட் ஊற்றிவிடாதீர்கள் அண்ணா, எங்கள் மாமா ஊற்றி எலிமெண்ட் தோலே போய்விட்டது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கிடைக்கும், வெந்நீரில் கரைத்து ஊறவையுங்கள், நுரைத்துக்கொண்டு விடும்.

தளிரோட்டுக்காரன்

நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதுதான் வேலை. பழைய தெர்மோஸ்டாட்டை டீ போடுகிற பாத்திரத்தில் விட்டேன், கொதி வந்து ஐந்து நிமிஷமாகியும் சத்தமே இல்லை. கடையில் வாங்கிய புதுசை விட்டவுடன் கிளிக். அம்மாவே சிரித்துவிட்டார்கள்.

எலிமெண்டை இறக்கினபோது அடையாளமே தெரியவில்லை, பூரா வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசின கை மாதிரி இருந்தது, டேங்குக்குள்ளே கையை விட்டால் முட்டை ஓடு மாதிரிச் சில்லு சில்லாக ஒரு பெரிய டம்ளர் நிறைய வந்தது. கூடவே ஒரு கம்பி இருந்தது, பென்சில் லீட் அளவுக்கு மெலிந்து. அது என்ன?

கிருஷ்ணகிரி வயர்மேன்

அதுதான் ஆனோட், மெக்னீசியம். புதுசில் விரல் தடிமன் இருக்கும். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்கிறது, அது தீர்ந்தால் அடுத்து டேங்க்தான். கட்டாயம் மாற்றுங்கள். தண்ணீர் உள்ளே வருகிற குழாயில், அழுத்தம் கூடினால் திறந்துவிடுகிற சேஃப்டி வால்வ் இருக்கும் பாருங்கள், அதன் லீவரைத் தூக்கினால் தண்ணீர் வர வேண்டும், உப்பு அடைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். போன வாரம் ஆவி அடித்தபோது அது அடைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தளிரோட்டுக்காரன்

வால்வும் மாற்றிவிட்டேன் அண்ணா, லீவர் அசையவே இல்லை. தெர்மோஸ்டாட், ஆனோட், வால்வ், கசியாமல் அடைக்கிற ரப்பர் கேஸ்கெட் எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் ஸ்விட்ச் போட்டேன். 33 நிமிஷத்தில் ஆரஞ்சு அணைந்தது.

பாலக்கோடு செல்வி

கேஸ்கெட் பக்கம் சொட்டுகிறதா என்று நாளைக்கு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சூடாகி ஆறினபிறகு போல்ட் லேசாகத் தளரும்.

தளிரோட்டுக்காரன்

சொட்டியது. கால் சுற்று முடுக்கினேன், நின்றுவிட்டது.