2014 டெஸ்க்டாப்பில் கிராபிக்ஸ் கார்ட் மட்டும் மாற்றலாமா, மதர்போர்டோடு மாற்ற வேண்டுமா?

கொச்சிக்கடை_பையன்
எல்லோருக்கும் வணக்கம். அண்ணா வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன டெஸ்க்டாப்பில்தான் விளையாடுகிறேன். ஐ5-4590 புரொசசர், எச்81 மதர்போர்ட், 8 ஜீபி டிடிஆர்3 ரேம் (ஒன்றுதான் செருகியிருக்கிறது), ஜிடிஎக்ஸ் 750 டிஐ 2 ஜீபி கிராபிக்ஸ் கார்ட், பழைய ஹார்ட் டிஸ்க். வலோரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமில் நாலு பேர் ஒன்றாக வந்து ஸ்மோக் போட்டால் திக்கித் திக்கி ஓடும், அந்த ஒரு செக்கனில் நான் செத்துப்போவேன். ஃபோர்சா ஹொரைசன் 5 கார் பந்தய கேம் திறக்கவே ஐந்து நிமிடம். பகுதிநேர வேலை செய்து 75,000 ரூபா சேர்த்திருக்கிறேன். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கார்ட் மாற்றினால் போதும் என்றார்கள், அடுத்த கடையில் இந்த மெஷினில் ஒரு சதமும் போடாதே என்றார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

வெள்ளவத்தை_அலை
தம்பி, இரண்டாவது கடைக்காரர் சொன்னதுதான் சரி. அந்த புரொசசர் 2014 இல் வந்தது, நாலு கோர், நாலு த்ரெட் (ஒரே நேரத்தில் நாலு வேலைதான் செய்யும்), அவ்வளவுதான். இப்போது வருகிற கேம்கள் ஆறு கோரை நினைத்துத்தான் எழுதப்படுகின்றன. சைபர்பங்க் 2077 கூட 2023 இல் 2.0 அப்டேட்டோடு குறைந்தபட்சமே ஐ7-6700 என்று மாற்றிவிட்டது. அதைவிடப் பெரிய பிரச்சினை விண்டோஸ். விண்டோஸ் 10 க்கு 2025 ஒக்டோபர் 14 ஓடு வழமையான ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி ஏற்பதில்லை, உங்களுடையது நாலாம் தலைமுறை. ஏதாவது வழியில் ஏற்றினாலும் வலோரன்ட் விண்டோஸ் 11 இல் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான சிஸ்டம் மட்டும் தொடங்க விடும் வசதி) இரண்டும் கேட்கும், உங்கள் போர்டில் டிபிஎம் 2.0 இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. காசு கஷ்டப்பட்டுச் சேர்த்தது. தயவுசெய்து பழைய வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம்.

தெமட்டகொடை_டெக்
அலை அண்ணா, பயமுறுத்தாமல் கதைப்போம். விண்டோஸ் 10 க்கு 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட்டுகளைப் பதிந்து எடுக்கலாம், தம்பியின் மெஷின் நாளைக்கே நின்றுவிடாது. ஃபோர்சா ஹொரைசன் 5 இன் குறைந்தபட்சத் தேவையைப் பாருங்கள்: புரொசசர் ஐ5-4460, கார்ட் ஜிடிஎக்ஸ் 970. 4460 என்றால் தம்பியிடம் இருப்பதைவிடச் சற்றுக் கீழே உள்ள சிப். அப்போ புரொசசர் பாஸ், கார்ட்தான் ஃபெயில். 2 ஜீபி மெமரியை வைத்துக்கொண்டு 1080பி இல் இன்றைய கேம் ஓடாது. போதாததற்கு 750 டிஐ, 900, 1000 வரிசைகளுக்கெல்லாம் என்விடியா 2025 ஒக்டோபரோடு கேம் டிரைவர் (கார்டை இயக்குகிற மென்பொருள்) விடுவதை நிறுத்திவிட்டது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான்.

பாவித்த ஆர்எக்ஸ் 6600 ஒன்று தேடிப் பிடிக்கச் சொல்வேன். 8 ஜீபி, 132 வாட். நாளைக்கு போர்ட் மாற்றினாலும் அதே கார்ட் கூட வரும், காசு வீணாகாது.

வெள்ளவத்தை_அலை
எச்81 போர்டில் கார்ட் போடுகிற இடம் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 என்ற பழைய தலைமுறை என்பதை மறந்துவிட்டீர்கள். 6600 எட்டு லேனில்தான் (டேட்டா போய்வருகிற பாதை) பேசும், அதுவும் 4.0 க்காகச் செய்த கார்ட். 2.0 இல் போட்டால் ஒரு செக்கனுக்கு 4 ஜீபி அளவுதான் போய்வரும், 4.0 இல் கிடைப்பதில் நாலில் ஒன்று. நல்ல வேளை நீங்கள் 6500 எக்ஸ்டி சொல்லவில்லை, அதற்கு நாலு லேன் மட்டும், மெமரியும் 4 ஜீபி, இந்தப் போர்டில் அதைப் போடுவது பாவம்.

தெமட்டகொடை_டெக்
தெரிந்துதான் சொன்னேன். 8 ஜீபி மெமரி இருக்கும்போது படமெல்லாம் கார்டுக்குள்ளேயே இருந்துவிடும், லேன் குறைவது அவ்வளவாக உறைக்காது. மெமரி நிரம்பி வழிகிற கார்டில்தான் லேன் கழுத்தை நெரிக்கும். லேன்தான் கவலை என்றால் பதினாறு லேன் உள்ள 1660 சூப்பர் எடுக்கலாம், அதுவும் டிரைவர் வருகிற வரிசைதான். மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் எடுக்க இரவு பகலாக ஓட்டுவதில்) வறுபட்டதா என்று மட்டும் பார்க்க வேண்டும்: விசிறியைக் கையால் சுற்றினால் கரகரக்கக் கூடாது, அரை மணித்தியாலம் லோடில் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

மழைமுகில்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேரும் பவர் சப்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. போன வருடம் நான் இதே மாதிரிப் பழைய மெஷினுக்கு கார்ட் வாங்கினேன். கேசிங்கோடு வந்த சப்ளையில் 500 வாட் என்று ஸ்டிக்கர் இருந்தது, கார்டுக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்கிற 8 பின் வயரே இல்லை. விற்ற கடையில் ஒரு கன்வெர்ட்டர் வயர் தந்தார்கள், ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற மொலெக்ஸ் வயரில் செருகுகிறது. இரண்டாம் கிழமை பிளாஸ்டிக் எரிகிற மணம், பார்த்தால் கனெக்டர் உருகி ஒட்டியிருக்கிறது. அந்த நேரம் என் தம்பிதான் விளையாடிக்கொண்டிருந்தான். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

750 டிஐ 60 வாட்தான், போர்டிலிருந்தே கரண்ட் எடுத்துவிடும், அதனால் உங்கள் சப்ளையின் குணம் இதுவரை வெளியில் தெரிந்திருக்காது. போர்டிலிருந்து கிடைப்பது அதிகபட்சம் 75 வாட், அதற்கு மேல் கேட்கிற கார்டுக்குத் தனி வயர் வேண்டும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். கடலோரம் வீடென்றால் உப்புக்காற்று கனெக்டர்களை அரித்திருக்கும், அதையும் கழற்றிப் பாருங்கள்.

வெள்ளவத்தை_அலை
மழைமுகில் சொன்னது நூற்றுக்கு நூறு. சப்ளையும் சேர்த்தால் டெக் சொல்கிற கணக்கே மாறுகிறது பாருங்கள். கார்ட், சப்ளை, இன்னொரு 8 ஜீபி ரேம், எஸ்எஸ்டி என்று 75,000 உம் போய்விடும், கடைசியில் மிஞ்சுவது பழைய டிடிஆர்3 மெஷின். நான் சொல்வது இதுதான்: ரைசன் 5 5600, ஒரு பி450 போர்ட், டிடிஆர்4 ரேம். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். 750 டிஐயை அப்படியே தூக்கி அதில் போடுங்கள்.

தெமட்டகொடை_டெக்
2 ஜீபி கார்டோடு புதிய போர்டா? 2024 இல் வட் வரி 18 வீதமானது ஒரு பக்கம், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியது இன்னொரு பக்கம். இந்த நேரத்தில் போய் டிடிஆர்4 வாங்கச் சொல்கிறீர்கள். பாவித்த ஐ7-4770, இல்லையென்றால் அதே சொக்கெட்டில் உட்காருகிற சியோன் ஈ3-1231 வி3 தேடலாம், பயாஸ் (போர்டைத் தொடக்குகிற மென்பொருள்) ஏற்றுக்கொண்டால் எட்டு த்ரெட் கிடைக்கும்.

தம்பி, எங்கள் இருவரையும் விட உங்கள் மெஷினையே கேளுங்கள். ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிக்கிற மென்பொருளைப் போட்டு, விளையாடும்போது கார்டும் புரொசசரும் எத்தனை வீதம் ஓடுகின்றன என்று பாருங்கள். கார்ட் 95 க்கு மேலே நின்றால் கார்ட் திணறுகிறது. கார்ட் பாதியில் நின்று புரொசசர் 100 என்றால் நான் தோற்றேன். பிறகு ரெசலூஷனை 720பி ஆக்குங்கள், எஃப்பிஎஸ் (ஒரு செக்கனுக்கு எத்தனை ஃபிரேம்) ஏறாவிட்டால் அதுவும் புரொசசர்தான்.

கொச்சிக்கடை_பையன்
இரவு முழுக்க பார்த்தேன். ஃபோர்சாவில் கார்ட் 99, புரொசசர் 70 சொச்சம், ரேம் நிரம்பி வழிகிறது. வலோரன்ட்டில் கார்ட் 55 ஐத் தாண்டவில்லை, புரொசசர் 100 இலேயே நிற்கிறது, 720பி ஆக்கியும் ஒன்றும் ஏறவில்லை. கேசிங்கைத் திறந்து பவர் சப்ளையைப் பார்த்தேன், மழைமுகில் அக்கா சொன்ன மாதிரி 8 பின் வயர் இல்லை.

உண்மையைச் சொன்னால் பத்து நாளில் ஒன்பது நாள் வலோரன்ட்தான், பள்ளிக்கூட நண்பர்கள் எல்லோரும் இரவு ஒன்பதுக்கு வருவார்கள், அதற்காகத்தான் இந்தக் காசையே சேர்த்தேன்.

தெமட்டகொடை_டெக்
அப்போ வலோரன்ட்டுக்கு அலை அண்ணா சொன்னதைச் செய்யுங்கள், அந்த கேமுக்கு 750 டிஐ இன்னும் ஒரு வருடம் தாங்கும். ஃபோர்சா ஆட்களுக்கு என் பதில் கார்ட்தான், அதை மாற்ற மாட்டேன். ஒரு சின்ன எஸ்எஸ்டியை மட்டும் விட்டுவிடாதீர்கள், அந்த ஐந்து நிமிடம் பழைய ஹார்ட் டிஸ்க்கால்தான்.

மழைமுகில்
சப்ளையை இப்போதே மாற்றிவிடுங்கள் தம்பி. பிறகு வாங்கப்போகிற கார்டுக்கும் சேர்த்து, 8 பின் வயரோடு, நல்ல வாரண்டி உள்ளதாக. கையில் மிஞ்சாவிட்டால் இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள்.

வெள்ளவத்தை_அலை
கடையில் ஒன்று கவனியுங்கள். பி450 போர்ட் பழைய ஸ்டொக் என்றால் பயாஸ் அப்டேட் இல்லாமல் 5600 ஐ எடுக்காது. அந்தச் சிப்பில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, வீட்டில் படம் வராவிட்டால் எதனால் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போகும். 750 டிஐயைக் கையோடு கொண்டுபோய், உங்கள் கண் முன்னால் போட்டு படம் வந்த பிறகு காசைக் கொடுங்கள். சனிக்கிழமை நான் பம்பலப்பிட்டிப் பக்கம் வருவேன், வேண்டுமென்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், கூட வருகிறேன்.