சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண்: முறிவெண்ணெய் தடவலாமா?

கேள்வி (குலசேகரத்திலிருந்து)

என் அப்பாவுக்கு 62 வயது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஐந்து வாரங்களுக்கு முன் விடியற்காலையில் வெட்டுக்குப் போனபோது உடைந்த சிரட்டை ஒன்று அவருடைய வலது உள்ளங்காலில் குத்தியிருக்கிறது. அவருக்கு வலியே தெரியவில்லை. வீடு திரும்பியபின் திண்ணையில் பதிந்திருந்த இரத்தத் தடத்தைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். அன்று கம்யூனிஸ்ட் பச்சை என்னும் செடியின் இலையைக் கசக்கி வைத்துக் கட்டினோம். இப்போது புண் ஒரு ரூபாய் நாணய அளவில் இருக்கிறது. ஓரம் தடித்து, நடுவில் மஞ்சள் படலம் படர்ந்து, லேசாக நாற்றமும் அடிக்கிறது. முறிவெண்ணெய் தடவினால் சதை வளர்ந்து மூடிவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். தடவலாமா?

பதில் 1 (ஆயுர்வேத மருத்துவர், நாகர்கோவில்)

இப்போது தடவ வேண்டாம். மலையாளத்தில் முறிவு என்றால் காயம், தமிழில் எலும்பு முறிவு. இரண்டு மொழியும் கலந்து புழங்கும் நம் மாவட்டத்தில் அந்த எண்ணெய்க்கு இரண்டு வேலையையும் கொடுத்துவிடுகிறோம். புங்கு, வெற்றிலை, கற்றாழை, சின்ன வெங்காயம், முருங்கை இலை முதலியவற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி எடுக்கும் அந்த மருந்து சுளுக்குக்கும் அடிபட்ட வீக்கத்துக்கும் புதிய சிறு காயத்துக்கும் நல்லது. ஐந்து வாரம் கடந்து படலம் கட்டிய சர்க்கரைப் புண்ணுக்கு அது முதல் மருந்து அல்ல.

சுசுருத சம்ஹிதை புண்ணுக்கு 60 வகைச் சிகிச்சை முறைகளைச் சொல்கிறது. அவற்றில் சோதனம் என்னும் சுத்திகரிப்பும் ரோபணம் என்னும் ஆற்றுதலும் தனித்தனியானவை. கெட்ட புண்ணைச் சுத்தம் செய்யாமல் மேலே மூடினால் சீழ் உள்ளேயே தேங்கி ஆழமாக இறங்கும். சுத்தமான புண் எப்படி இருக்கும் என்பதையும் அந்நூல் கண்ணால் பார்த்துச் சொன்னது போல விவரிக்கிறது: நாக்கின் பரப்பைப் போன்ற நிறம், மென்மை, வழவழப்பு, வலியின்மை, கசிவின்மை. உங்கள் அப்பாவின் புண் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. மதுமேகம் எனப்படும் சர்க்கரை நோய் உள்ளவர்களின் புண் எளிதில் ஆறாது என்றும் அதே நூல் சொல்வதால், ஆயுர்வேதத்தில் நம்பிக்கை வைப்பவர்கள்தாம் சர்க்கரை அளவை முதலில் கவனிக்க வேண்டும்.

புண் சுத்தமான பிறகு, ஜாத்யாதி தைலம் போன்றவற்றை மருத்துவர் பார்வையில் பயன்படுத்தலாம். அதன் பெயரிலுள்ள ஜாதி வேறொன்றுமில்லை, தோவாளைச் சந்தையில் பூவாக விற்கும் நம் பிச்சிதான். அதன் இலை மருந்தில் சேர்கிறது. ஆனால் அதில் மயில்துத்தம் என்னும் செம்பு உப்பும் சேர்வதால் தோன்றியபடி ஊற்றிக்கொள்ளும் எண்ணெய் அல்ல. வல்லாரையில் உள்ள ஏசியாட்டிகோசைடு என்னும் வேதிப்பொருள், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் உருவாக உதவுவது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. அதற்காகத் தோட்டத்து வல்லாரையை அரைத்துத் திறந்த புண்ணில் அப்புவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

பதில் 2 (செவிலியர், மார்த்தாண்டம்)

குத்தியது வலிக்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. காலின் உணர்வு நரம்புகள் பழுதாகியிருக்கலாம். அப்படியானால் அவர் தினமும் அந்தப் புண்ணை மிதித்து நடப்பதே ஆறாமைக்குப் பெரிய காரணம். எந்தத் தைலம் போட்டாலும் உடலின் எடை அதன்மேல் விழுந்தால் புதிதாக வளரும் சதை நசுங்கிப்போகும். தோட்ட வேலையை நிறுத்திவிட்டு, பாதத்தில் பாரம் படாத வகையில் செருப்போ கட்டோ ஏற்பாடு செய்ய வேண்டும். காலின் நாடித்துடிப்பையும் இரத்த ஓட்டத்தையும் பரிசோதிக்க வேண்டும். எலும்பு வரை தொற்று இறங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பதில் 3 (தக்கலை)

கம்யூனிஸ்ட் பச்சையை நாங்களும் வெட்டுக்காயத்துக்கு வைத்திருக்கிறோம், இரத்தம் நிற்கும். ஆனால் மண்ணோடு பறித்த இலையில் கிருமியும் உண்டு, ஆழமான குத்துக்காயத்துக்கு அது சரிவராது.

கேட்டவரின் மறுமொழி

டெட்டனஸ் ஊசி போடவில்லை. நாளைக் காலை அப்பாவை ஆசாரிப்பள்ளத்துக்கு அழைத்துச் செல்கிறேன். அங்கே புண்ணைச் சுத்தம் செய்த பிறகு தைலத்தைப் பற்றிக் கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரியில் கேட்கிறேன். வாங்கி வைத்த முறிவெண்ணெய்ப் புட்டியை அம்மா தன் முட்டிவலிக்கு எடுத்துக்கொண்டார்.