வீட்டுல பண்ணின பயோடீசல், எத்தன மைக்ரான் ஃபில்டர் போதும்?

கேள்வி: பழைய சமையல் எண்ணெய்ல பயோடீசல் பண்ணி கிளிசரின் பிரிச்சு தண்ணி விட்டு கழுவியாச்சு, ஆனா இன்னும் கலங்கலாவே இருக்கு, 5 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) ஓட்டை உள்ள ஃபில்டர்ல விட்டா தெளிஞ்சிடுமா?

பதில் 1: அந்த கலங்கல் தூசி இல்ல பாஸ், பெரும்பாலும் தண்ணி. சாதா ஃபில்டர்ல அது நிக்காது. மொதல்ல தண்ணி போற வரைக்கும் நல்லா காய வைங்க, கண்ணாடி பாட்டிலுக்குப் பின்னாடி பேப்பர் வச்சா எழுத்து பளிச்சுனு தெரியணும், அப்புறம் 10 மைக்ரான்ல ஒரு தடவ, 5 மைக்ரான்ல ஒரு தடவ வடிகட்டுங்க.

பதில் 2: சூடா வடிகட்டாதீங்க ப்ளீஸ். மோனோகிளிசரைடு (முழுசா பயோடீசலா மாறாத எண்ணெய் மிச்சம்) சூட்டுல கரைஞ்சு ஃபில்டர தாண்டிடும், குளிர்ல மெழுகா திரிஞ்சு இன்ஜின் ஃபில்டர அடைக்கும். நல்லா ஆறி அடியில தங்கினதும் மேல உள்ளத மட்டும் எடுங்க.

பதில் 3: வண்டியோட டேங்க்ல உள்ள பழைய கசடையும் பயோடீசல் கழுவிட்டு வந்துடும், ஸ்பேர் ஃபில்டர் ஒண்ணு வச்சுக்கோங்க. எரிபொருள் போற குழாய் ரப்பர் ஹோஸ்னா மாத்திடுங்க, ஊறிப்போய் கசியும்.